ஐசியூ படுக்கையில் நரம்பைத் தேடும்போது: விரலா, மின்தூண்டியா, அல்ட்ராசவுண்டா?

"டாக்டர், அப்பா கையிலதான் ஏற்கெனவே நரம்பு போட்டிருக்காங்களே. மறுபடி எதுக்கு நரம்பைத் தேடறீங்க?"

ஐசியூ வாசலில் ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகன் கேட்ட கேள்வி. அவர் கேட்டதில் தப்பே இல்லை. டிரிப்ஸ் ஏற்றும் ரத்தக்குழாயையும் நாம் நரம்பு என்றுதான் சொல்கிறோம். "நரம்பு கிடைக்கல, இன்னொரு கையைக் காட்டுங்க" என்று ஊசி போடுகிறவர் சொல்லிக் கேட்காதவர் யார்? நான் தேடப்போவது வலியை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பு. அதன் பக்கத்தில் மரப்பு மருந்தைக் கொண்டுபோய் விட்டால் அந்தப் பகுதி மட்டும் வலி தெரியாமல் கிடக்கும். பல் பிடுங்கும் முன் ஈறில் போடுகிற ஊசியும் இதே வேலையைத்தான் செய்கிறது. இதை பிளாக் என்போம்.

அவருடைய அப்பாவுக்கு அறுபது தாண்டிய வயது, எடை ஏறக்குறைய 60 கிலோ. வண்டியில் இருந்து விழுந்ததில் இடது பக்கம் நான்காவது முதல் ஒன்பதாவது வரை ஆறு விலா எலும்புகள் உடைந்திருந்தன. நெஞ்சில் குழாய், வாயில் குழாய், வென்டிலேட்டர். வலியை அடக்க பென்டனில் என்ற மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குறைத்தால் வலியில் மூச்சை இழுக்காமல் பிடித்துக்கொள்வார். கூட்டினால் மூச்சு விடவே மறந்து தூங்குவார். இரண்டுக்கும் நடுவில் வென்டிலேட்டரைக் கழற்ற முடியாமல் மூன்று நாள் போய்விட்டது.

விலா எலும்பு முறிவை "கட்டுப் போட முடியாத சாதாரண அடி" என்று நினைப்பவர்கள் உண்டு. 2000ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடைந்த எலும்பு ஒவ்வொன்றாகக் கூடக் கூட இறப்பு அபாயம் 19 சதவீதமும் நிமோனியா அபாயம் 27 சதவீதமும் ஏறியதாகக் காட்டியது. பெரும்பாலும் ஆளைக் கொல்வது எலும்பு இல்லை, இரும முடியாமை. சளி உள்ளேயே தங்கி, நுரையீரல் சுருங்கி, அதில் கிருமி சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இங்கே பிளாக் போடுவதை உயிர் காக்கும் வைத்தியத்தோடு சேர்த்தே நினைக்கிறேன்.

சரி, நரம்பை எப்படித் தேடுவது? மூன்று வழி இருக்கிறது.

கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் இரண்டு முறைகள்

முதல் முறை விரல். எலும்பு முனை, தமனியின் துடிப்பு, தசையின் விளிம்பு ஆகியவற்றைத் தொட்டு, உள்ளே நரம்பு எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு ஊசியைச் செலுத்துவது. 1911ல் ஜெர்மனியில் குலென்காம்ப் காறை எலும்புக்கு மேலே போடும் பிளாக்கை விவரித்த காலத்தில் இருந்து பல தலைமுறை மருத்துவர்கள் இப்படித்தான் கற்றார்கள். ஊசி நரம்பைத் தொட்டால் நோயாளி "கையில் ஷாக் அடிக்குது" என்பார். அதுதான் இடம் கிடைத்ததற்கு அடையாளம்.

இரண்டாவது, நரம்பு ஸ்டிமுலேட்டர். உள்ளங்கை அளவு பெட்டி, அதில் இருந்து ஊசி நுனிக்குச் சின்ன மின்சாரம். 1962ல் கையடக்கமான கருவி வந்தபிறகு இது பரவியது. 1 மில்லி ஆம்பியரில் ஆரம்பித்து, தசை துடிக்கத் துடிக்க மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே போவோம். 0.5 அளவிலும் துடிப்பு இருந்தால் நுனி நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. 0.2க்குக் கீழேயும் துடித்தால் நரம்புக்குள்ளேயே நுழைந்திருக்கலாம், கொஞ்சம் பின்வாங்க வேண்டும்.

இரண்டும் நோயாளியிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் முறைகள். முதலாவதில் அவருடைய வாய் பதில் சொல்ல வேண்டும், இரண்டாவதில் தசை. ஆபரேஷன் தியேட்டரில் விழித்திருக்கும் ஆளிடம் இரண்டும் கிடைக்கும். ஐசியூவில் வாய்க்குள் குழாய் இருக்கிறது, மயக்க மருந்து ஓடுகிறது. ஷாக் அடித்தாலும் அவரால் சொல்ல முடியாது. அப்போது விரல் முறை ஏறக்குறைய குருட்டு வேலைதான்.

தசையும் பல நேரம் பேசாது. தசையை அடக்கும் அட்ராகூரியமோ வெக்குரோனியமோ ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு மின்சாரம் விட்டாலும் துடிப்பு வராது. பல ஆண்டு சர்க்கரை நோயால் நரம்பு பாழாகியிருந்தாலும், நீண்ட நாள் ஐசியூவில் கிடந்தவர்களுக்கு வரும் நரம்புத் தளர்ச்சி இருந்தாலும் பதில் மங்கிவிடும். உடைந்த காலைத் தூண்டித் துடிக்க வைப்பதோ வலிக்கு மேல் வலி. இதயத்துக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி போட்டிருந்தால் பக்கத்தில் மின்சாரம் விடுவதற்கே யோசிக்க வேண்டும்.

விழித்திருப்பவர்களிடம்கூட இந்தப் பதில்களை முழுசாக நம்ப முடியாது என்பதைக் கனடா மருத்துவர்கள் 2006ல் காட்டினார்கள். ஊசி நரம்பைத் தொட்டிருப்பதை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே சோதித்தார்கள். 38 சதவீதம் பேருக்குத்தான் ஷாக் போன்ற உணர்வு வந்தது. 0.5 மில்லி ஆம்பியரில் தசை துடித்தது 75 சதவீதம் பேருக்கு. ஊசி நரம்பின் மேலேயே இருக்கும்போதே நான்கில் ஒருவருக்குத் துடிப்பு இல்லை. மருந்து கொடுத்துத் தசையை அடக்கி வைத்திருக்கும் நோயாளியிடம் அந்தத் துடிப்பை மட்டும் நம்பி இறங்க எனக்குத் துணிவில்லை.

பதிலுக்குக் காத்திருக்காத முறை

அல்ட்ராசவுண்டுக்கு நோயாளியின் ஒத்துழைப்பு தேவையில்லை. ஒலி போகிறது, திரும்பி வருகிறது, திரையில் படம் விழுகிறது. 1978ல், ரத்த ஓட்டத்தை ஒலியால் அறியும் டாப்ளர் கருவியை வைத்துத் தமனியைக் கண்டுபிடித்து பிளாக் போட்டார்கள். 1994ல் வியன்னாவில் படத்தைப் பார்த்தபடியே காறை எலும்பு பிளாக் போட்டது வெளியானது. அதன் பிறகு கருவிகள் சிறிதாகி வார்டுக்குள் வந்தன.

புதிதாகப் பழகும் பிள்ளைகளை முதலில் முழங்கைக்குக் கீழே, முன்கையின் நடுவில் புரோபை, அதாவது தோல்மேல் வைத்துப் பார்க்கும் கருவி முனையை, வைக்கச் சொல்வேன். தேன்கூட்டை வெட்டி வைத்தது போல ஒரு சின்ன வட்டம் தெரியும். லேசாக அழுத்தச் சொல்வேன். அமுங்கிக் காணாமல் போவது சிரை. துடிப்பது தமனி. அமுங்கவும் இல்லை, துடிக்கவும் இல்லை என்றால் நரம்பாக இருக்கலாம், தசைநாணாகவும் இருக்கலாம். புரோபை மெதுவாக முழங்கை நோக்கி நகர்த்தினால் தசைநாண் தசையாக விரிந்து கரைந்துவிடும். நரம்பு வட்டம் கலையாமல் கூடவே வரும். இந்தப் பத்து விநாடி வித்தை கைக்கு வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஊசி எங்கே போகிறது, மருந்து எங்கே பரவுகிறது என்று பார்த்துக்கொண்டே போடுவதால் குறைந்த மருந்தே போதும், ரத்தக்குழாயைக் குத்துவதும் குறைகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் போட்ட 25,000க்கும் மேற்பட்ட பிளாக்குகளை அலசி 2013ல் வெளியான ஆய்வில், மரப்பு மருந்து ரத்தத்தில் கலந்து விஷமாகும் அபாயம் அல்ட்ராசவுண்டால் 65 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஐசியூவுக்கு இதைவிட முக்கியமான சேதி இல்லை. விழித்திருப்பவர் "நாக்கு மரக்குது, காதில் ரீங்காரம் கேக்குது" என்று முன்னெச்சரிக்கை தருவார். மயக்கத்தில் இருப்பவர் தரமாட்டார். வலிப்பையும் மயக்க மருந்து மறைத்துவிடும். மானிட்டரில் இதயத் துடிப்பு தடுமாறும்போதுதான் நமக்கே தெரியும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நரம்புக்குக் காயம் ஏற்படுவது அல்ட்ராசவுண்டால் குறைந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. படம் தெரிகிறது என்பதால் நுனி தெரிகிறது என்று அர்த்தமில்லை. ஊசியின் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு அதுதான் நுனி என்று நம்பி உள்ளே தள்ளுவது, பழகுகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. நானும் செய்திருக்கிறேன்.

அப்புறம், ஐசியூ உடம்பு அல்ட்ராசவுண்டுக்கு எளிதான உடம்பு இல்லை. நான்கைந்து நாள் குளுகோஸும் சலைனும் ஏறி வீங்கிய தோலுக்கு அடியில் எல்லாமே பனிமூட்டம். நரம்பு ஆழத்துக்குப் போய்விடும். ஆழம் பார்க்க அதிர்வெண்ணைக் குறைக்க வேண்டும், குறைத்தால் படத்தின் கூர்மை போய்விடும். தொடைக்குப் பின்னால் இருக்கும் சையாட்டிக் நரம்பு புரோபைச் சில டிகிரி சாய்த்தாலே மறைந்துவிடும். எல்லாவற்றையும்விட மோசம், தோலுக்கு அடியில் காற்று. விலா உடைந்து நுரையீரல் கிழிந்தவர்களுக்குக் காற்று தோலுக்கடியில் புகுந்து, தொட்டால் நறநறவென்று இருக்கும். ஒலி காற்றைத் தாண்டிப் போகாது. திரையில் வெள்ளைப் புகை மட்டும் தெரியும்.

கருவி கிடைப்பதும் ஒரு பிரச்சினைதான். இந்தியாவில் அல்ட்ராசவுண்ட் கருவி எதுவானாலும், கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். தோள்பட்டையைப் பார்க்கும் ஐசியூ கருவிக்கும் விலக்கு இல்லை. கையடக்கக் கருவியைப் பதிவான இடத்தை விட்டு இஷ்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அந்தச் சட்டம் எதற்காக வந்தது என்று தெரிந்த யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஐசியூவுக்கென்று தனியாக ஒரு கருவியைத் திட்டமிட்டு வாங்கிப் பதிவு செய்து வைக்காவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்து ஸ்கேன் சென்டரில் கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிர்வாகத்திடம் கேட்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே கருவியில் இதயம், நுரையீரல், ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் பார்க்கலாம் என்பது நல்ல வாதம்.

ஆக, எதை எடுப்பது? கருவியும் பழகிய கையும் இருந்தால் நான் அல்ட்ராசவுண்டைத்தான் எடுப்பேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. வீக்கத்தால் படம் மங்கலாக இருந்து, தசையை அடக்கும் மருந்து ஓடாமலும் இருந்தால் ஸ்டிமுலேட்டரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வேன். குறிப்பாக சையாட்டிக் போன்ற ஆழமான நரம்புகளுக்கு. மங்கலான வட்டத்தைத் தொடும்போது பாதம் துடித்தால் சந்தேகம் தீரும். துடிக்காவிட்டால் அது நரம்பு இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. விரலை மட்டும் நம்புவதென்றால் இடுப்பு எலும்பு, தொடை எலும்பு முறிவுக்குப் போடும் பேஸியா இலியாகா போன்ற சிலதோடு நிறுத்திக்கொள்வேன். அதில் ஊசி இரண்டு சவ்வுகளைத் தாண்டும்போது இரண்டு முறை 'பொட்' என்று கையில் தெரியும், நரம்பும் ரத்தக்குழாயும் கொஞ்சம் தள்ளியே இருக்கின்றன.

எந்த நரம்பு என்பது அதைவிடப் பெரிய கேள்வி

எப்படித் தேடுவது என்பதில் மும்முரமாக இருந்து, எதைத் தேடுவது என்பதைக் கோட்டை விடுகிறோம். தோள் எலும்பு உடைந்தவருக்குக் கழுத்தில் இன்டர்ஸ்கேலீன் பிளாக் போட்டால் வலி அருமையாக அடங்கும். ஆனால் வழக்கமான 20 மி.லி. மருந்தில் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானமும் அந்தப் பக்கத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் படுத்துவிடும். 2008ல் வெளியான ஆய்வில், அல்ட்ராசவுண்ட் வைத்து 5 மி.லி.யாகக் குறைத்தபோதும் 45 சதவீதம் பேருக்கு அது செயலிழந்தது. ஆரோக்கியமானவர் சமாளித்துவிடுவார். வென்டிலேட்டரில் இருந்து இறங்க முயல்பவரால் முடியாது. முழங்கைக்குக் கீழே அடி என்றால் அக்குளில் போடலாம், மூச்சுக்கு ஆபத்தில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தவருக்கு முழு மரப்பு கொடுக்கும் முன் எலும்பு மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும். தசைக்குள் அழுத்தம் ஏறினால் முதலில் காட்டிக்கொடுப்பது வலிதான்.

நம் ஆளுக்கு வருவோம். உடைந்த விலாக்களுக்குப் பல ஆண்டுகளாக முதல் தேர்வு எபிடியூரல், அதாவது முதுகு வழியாகத் தண்டுவட உறைக்கு வெளியே மருந்து விடுவது. இரண்டு பக்கமும் உடைந்தவர்களுக்கு அதைப்போல வலியை அடக்குவது வேறொன்றில்லை. ஆனால் அது ரத்த அழுத்தத்தை இறக்கும். அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க நார் அட்ரினலின் ஓடிக்கொண்டிருப்பவருக்கு அது வேண்டாத வேலை. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஈனாக்ஸாபரின் என்றால் தடுப்பு அளவுக்கு 12 மணி நேரமும், சிகிச்சை அளவுக்கு 24 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். குளோபிடோகிரல் என்றால் ஐந்து முதல் ஏழு நாள். தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டினால் "கால் மரத்துப்போச்சு" என்று நோயாளிதான் முதலில் சொல்ல வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் எப்படிச் சொல்வார்? அவருக்கு ஸ்டென்ட் இருந்தது, அடிபட்ட அன்று காலை வரை குளோபிடோகிரல் சாப்பிட்டிருக்கிறார். எபிடியூரல் என்ற கதவு மூடிவிட்டது.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த புது வழி இங்கேதான் கைகொடுக்கிறது. 2013ல் செரேட்டஸ் பிளாக், 2016ல் எரெக்டர் ஸ்பைனே பிளாக். இவற்றில் நரம்பையே தேட வேண்டாம். நரம்பு போகும் தசை அடுக்கைக் கண்டுபிடித்து, இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் மருந்தை விட்டால் அதுவே பரவிப் போய்ச் சேரும். ஸ்டிமுலேட்டருக்கு இங்கே வேலையே இல்லை. பதில் சொல்ல முடியாதவர்களுக்கு இந்த பிளாக்குகள் இவ்வளவு பொருந்துவது அதனால்தான்.

செரேட்டஸ் பக்கவாட்டில் போடுவது. மல்லாந்து படுத்தபடியே கையை மட்டும் கொஞ்சம் விலக்கினால் போதும். முன்பக்கமும் பக்கவாட்டிலும் உடைந்திருந்தால் அதுதான் சௌகரியம். முதுகுப் பக்கம் உடைந்திருந்தால் அது எட்டாது. எரெக்டர் ஸ்பைனே முதுகுப் பக்க முறிவுக்கும் உதவும், ஆனால் நோயாளியைத் திருப்ப வேண்டும். குழாய்களோடு ஒருவரைத் திருப்புவது என்றால் நான்கு பேர் வேண்டும், ஒருவர் கை வாய்க்குழாயை விடவே கூடாது. எபிடியூரல் அளவுக்கு இவை உறுதியாக வலியை அடக்கும் என்று சொல்ல மாட்டேன். மருந்து முன்பக்கம் வரை பரவுவது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஊசி தண்டுவடத்தை விட்டு விலகி நிற்கிறது. ரத்தம் கசிந்தாலும் அது தசைக்குள், கையால் அழுத்தக்கூடிய இடத்தில்.

அன்று முதலில் பக்கவாட்டில்தான் புரோபை வைத்தேன். நறநறப்பு. திரை முழுக்கப் புகை. அழுத்திக் காற்றை ஒதுக்கிப் பார்த்தேன், விலா எலும்பின் நிழல்கூடத் தெரியவில்லை. விடாப்பிடியாக அங்கேயே குத்தியிருந்தால் ஊசி நுரையீரலுக்குள் போயிருக்கும். கையை எடுத்துவிட்டு, "சிஸ்டர், திருப்பலாம்" என்றேன்.

முதுகெலும்புக்கு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, நெஞ்சுப் பகுதியின் ஐந்தாவது முள்ளெலும்பு மட்டத்தில் காற்று குறைவாக இருந்தது. மூன்று தசை அடுக்குகள், அதற்குக் கீழே தட்டையாக ஒரு வெள்ளைக் கோடு. முதுகெலும்பின் பக்க முனை அது. விலா எலும்பாக இருந்தால் கொஞ்சம் உருண்டு தெரியும், இடையில் நுரையீரல் உறை மினுங்கும். ஊசி நுனி எலும்பைத் தொட்டதும் 2 மி.லி. சலைன் விட்டேன். பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்தால் பாய் மெல்ல மேலெழுமே, அப்படித் தசை எலும்பை விட்டுக் கிளம்பியது. இதைக் கண்ணால் பார்க்கும் வரை மருந்தை ஏற்றக்கூடாது.

மருந்தின் அளவை ஊசி எடுக்கும் முன்பே காகிதத்தில் எழுதி வைப்பது என் வழக்கம். மரப்பு மருந்துகளின் உச்ச அளவு, பியூபிவகெய்ன் என்றால் கிலோவுக்கு 2 மில்லி கிராம், ரோபிவகெய்ன் என்றால் 3. கல்லீரல் கெட்டிருந்தாலோ ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தாலோ அதிலும் குறைத்தே தருவேன். அவருக்கு 0.2 சதவீத ரோபிவகெய்ன் 25 மி.லி., அதாவது 50 மில்லி கிராம். உச்ச அளவான 180க்கு வெகு கீழே. மரப்பு மருந்து விஷமானால் முறிக்கும் 20 சதவீத லிப்பிட் (கொழுப்புக் கரைசல்) பாட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விஷமானால் கிலோவுக்கு 1.5 மி.லி., அவர் எடைக்கு 90 மி.லி. உடனே ஏற்ற வேண்டும். அது பூட்டிய ஸ்டோர் ரூமில் இருக்கிறது என்றால் அன்று பிளாக் போடாதீர்கள்.

ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, தோலில் ஒட்டி, அதன் வழியாகத் தொடர்ந்து மருந்து போக ஏற்பாடு செய்தோம். ஐசியூவில் இந்தக் குழாய்களில் கிருமி ஏறும் வாய்ப்பு அதிகம் என்பதால் தியேட்டர் அளவுக்குச் சுத்தம் வேண்டும், புரோபுக்குக் கிருமி நீக்கிய உறை வேண்டும். தினமும் அந்த இடத்தைப் பிரிக்காமலே பார்க்கிற மாதிரி கண்ணாடி போன்ற பிளாஸ்டர் ஒட்டினோம்.

சாயங்காலத்துக்குள் பென்டனில் பாதியாகக் குறைந்தது. மறுநாள் காலை சளி உறிஞ்சும்போது அவர் இருமினார். வழக்கமாக முகத்தைச் சுளித்து வலது கையால் கட்டிலின் கம்பியைப் பிடிப்பவர், இந்த முறை கம்பியைத் தேடவில்லை. மதியம் வாய்க்குழாயை எடுத்தோம். மகன் உள்ளே வந்து பக்கத்தில் நின்றார். "வலிக்குதாப்பா?" என்றார். கரகரத்த குரலில் பதில் வந்தது: "கொஞ்சம்."